கடைசி அசை

நூற்றுக்கு எழுபத்திரண்டு. தேர்ச்சிக்கு ஐம்பது போதும். ஆனாலும் தோல்வி.

தாமரைச்செல்வி கைப்பேசித் திரையை மறுபடி பார்த்தாள். கேட்டல் பத்தொன்பது. வாசித்தல் இருபத்தைந்து. எழுதுதல் இருபத்து நான்கு. பேசுதல் நான்கு. ஒவ்வொன்றும் இருபத்தைந்துக்கு. எந்த ஒன்றிலும் ஐந்துக்குக் கீழே போனால் மற்றவை செல்லாது என்பது விதி.

ஒரு மதிப்பெண்.

கணவன் அழகுபாண்டி உரக்கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். தட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"பேச்சுலயா நாலு?"

"ஆமா."

"வீட்டுல நூத்துக்கு நூறு எடுப்பியேடி."

அவள் சிரிக்கவில்லை. அவன் சோற்றைப் பிசைந்தான். பிறகு, "பதினெட்டு வருசமா பிரெஞ்சு சொல்லிக் கொடுக்குற. உனக்கே நாலா?" என்றான்.

அவள் திரையை அணைத்தாள்.

சிம்மக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் அவள் பிரெஞ்சு ஆசிரியை. ஒன்பதும் பத்தும் அவளுடைய வகுப்புகள். தமிழ் எடுத்தால் மார்க் குறையும், பிரெஞ்சு எடுத்தால் தொண்ணூற்றெட்டு நிச்சயம் என்று நம்பும் பெற்றோர்கள்தான் பிள்ளைகளை அவளிடம் அனுப்பினார்கள். அவள் தொண்ணூற்றெட்டு வாங்கிக் கொடுத்தாள். வருடம் தவறியதில்லை.

இந்த வருடம் நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது. அந்நிய மொழி கற்பிப்பவர்கள் அந்த மொழியின் சர்வதேசச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஜூனுக்குள். பள்ளியில் பிரெஞ்சுக்கு இரண்டே பேர். புதுச்சேரியில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்த இந்துப்ரியாவுக்கு இருபத்தாறு வயது. ஆறிலிருந்து எட்டு வரை எடுக்கிறாள். அவளிடம் சான்றிதழ் இருந்தது. தாமரைச்செல்வியிடம் இல்லை. அதற்குத்தான் அந்தத் தேர்வு.

மறுநாள் தலைமை ஆசிரியை வசுந்தரா அவளைக் கூப்பிட்டார்.

"மார்ச்ல இன்னொரு வாய்ப்பு இருக்கு மிஸ். அதுலயும் வரலைன்னா ஒன்பது, பத்து ரெண்டையும் இந்துப்ரியா எடுக்கட்டும். நீங்க லைப்ரரியைப் பாத்துக்குங்க."

"லைப்ரரியில எத்தனை புக்கு இருக்கு மேம்?"

"நானூறு இருக்கும்."

"அதுல பிரெஞ்சு?"

வசுந்தரா நல்ல மனுஷி. பேனாவை மூடி மூடித் திறந்தார்.

தாமரைச்செல்வி வெளியே வந்தாள். நானூறு புத்தகங்களுக்குத் தூசி தட்டும் தன்னை நினைத்துப் பார்த்தாள். வகுப்பில்லாத ஒரு காலையை நினைத்துப் பார்த்தாள். முடியாது என்று தோன்றியது.

*

மதிப்பெண்ணோடு தேர்வாளரின் குறிப்பும் வந்திருந்தது. இரண்டு வரி. சொற்கள் சரி, இலக்கணம் சரி. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே, முதல் அசையில் அழுத்தி உச்சரிக்கப்படுகிறது. கேட்பவரால் தொடர முடியவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. அசை பிரிப்பதைப் பற்றித் தனக்கா சொல்கிறார்கள்?

வினாத்தாளில் ஒரு கேள்வி உண்டு. சொற்களை அசை பிரித்து எழுதுக. எடை விழும் அசையை அடிக்கோடிடுக. இரண்டு மதிப்பெண். பதினெட்டு வருடத்தில் அவளுடைய பிள்ளை ஒன்றுகூட அந்த இரண்டை விட்டதில்லை. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும். எடை எப்போதும் கடைசிக்கு. பிள்ளைகள் சாய்கோடு போடுவார்கள். கடைசி அசைக்குக் கீழே சிவப்பு மையால் கோடு இழுப்பார்கள். ஊ, நி, வெர், சி, தே. பல்கலைக்கழகம் என்று பொருள். தேயின் கீழே கோடு. இரண்டு மார்க்.

பிறகு பாடத்தைச் சத்தமாக வாசிக்கும்போது, முதல் அசையில் ஓங்கி அடிப்பார்கள்.

அதை யாரும் கவனித்ததில்லை. வாசிப்பதற்கு மதிப்பெண் கிடையாது. மதுரையில் வாயைத் திறக்காமலே பத்து வருடம் பிரெஞ்சு படிக்கலாம். அவளும் அப்படித்தான் படித்தாள். நாகமலை புதுக்கோட்டையில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில், முதல் வகுப்பு.

அன்று மாலை ஒரு பத்தியை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்தாள். கேட்டாள்.

ஆங்கிலச் செய்தி வாசிப்பவர் யாரையோ அதட்டுவது போல இருந்தது.

மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது புரிந்தது. அந்நிய மொழி என்றால் நாக்கை ஆங்கிலத்துக்குத் திருப்பிவிடுவது. அவளுடைய ஆசிரியர் அப்படித் திருப்பினார். அவருடைய ஆசிரியரும் அப்படித்தான் இருந்திருப்பார். விதியைப் பிரெஞ்சில் எழுதினார்கள். வாய் மட்டும் ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டது. ஒருவரும் பிரெஞ்சுக்காரரைச் சந்திக்காததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

தேர்வு நாள் நினைவுக்கு வந்தது. தேர்வாளர் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. அறுபது இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் முன்பக்கம் சாய்ந்து, மென்மையாக, "பார்தோன்?" என்றார். மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்? பதினேழு முறை. அவள் எண்ணியிருந்தாள். அந்த மென்மைதான் தாங்க முடியாததாக இருந்தது.

*

தனிச் சொற்கள் ஒரு வாரத்தில் வசப்பட்டன. மேசையில் விரலால் தட்டி, கடைசித் தட்டில் நிறுத்தினாள். வாக்கியம் வரவில்லை.

"அவன் ஒரு மணிக்கு வருகிறான்." பிரெஞ்சில் எழுதினால் ஐந்து சொல். இல், ஆரிவ், ஆ, ஊன், எர். வாயில் ஐந்து இல்லை. ஒரு சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு போய்விடும். இ, லா, ரி, வா, ஊ, நெர். ஆறு அசை. எல்லாம் சம எடை. கடைசி மட்டும் நீளம். சொல் எங்கே முடிந்தது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது.

அவளுக்கு இது தெரியும். கரும்பலகையில் வரைந்து காட்டுவாள். சொன்னால் வேறு மாதிரி வந்தது.

"இல். ஆரிவ். ஆ. ஊன். எர்."

அழகுபாண்டி சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"லாரியில இருந்து மூட்டை எறக்குற மாதிரி இருக்கு."

"என்னங்க?"

"பொத்து. பொத்து. பொத்து. ஒவ்வொண்ணா விழுது."

அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் தேர்வாளர் எழுதியதும் அதைத்தான்.

பள்ளியில் இந்துப்ரியா ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றாள். "மிஸ், நான் ஏதாவது ஹெல்ப் பண்ணட்டா?" உண்மையாகவே கேட்டாள். அதனாலேயே தாமரைச்செல்வியால் சரி என்று சொல்ல முடியவில்லை.

"வேணாம்மா. பாத்துக்கிறேன்."

*

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து காலை ஏழு நாற்பது தனியார் பஸ். காதில் பிரெஞ்சு உரையாடல் ஓடிக்கொண்டிருந்தது. விராட்டிபத்து நிறுத்தத்தில் கைப்பேசி சார்ஜ் தீர்ந்து நின்றது. அவள் இயர்போனைக் கழற்றினாள்.

நடத்துநர் காளை படியில் தொங்கிக்கொண்டு கூவினான்.

"காளவாசலரசரடீஈ! காளவாசலரசரடி பெரியாஆஆர்!"

ஆறு வருடமாக இந்தக் குரலைக் கேட்கிறாள். இன்றுதான் காதில் விழுந்தது.

காளவாசல் ஒரு நிறுத்தம். அரசரடி அடுத்த நிறுத்தம். காளையின் வாயில் இரண்டும் ஒன்று. வாசலின் ல் தாவி அரசரடியின் அ மீது ஏறிவிட்டது. அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கா, ள, வா, ச, ல, ர, ச, ர, டீ. எதற்கும் தனி அடி இல்லை. கடைசி மட்டும் நீண்டது. பெரியார் சேர்ந்தால் அந்த 'டீ'யும் குறுகி, நீளம் 'யார்' என்ற கடைசி அசைக்குப் போய்விடுகிறது.

அவள் கோடு போட்ட தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய்க்குள் சொன்னாள். "இலாரிவாஊநெஎர்."

பக்கத்து இருக்கையில் பூக்கூடையோடு இருந்த முத்துத்தாய் தள்ளி உட்கார்ந்தாள். "என்ன டீச்சர், சாமி வந்திருச்சா?"

"இல்லத்தா. வரப் பாக்குது."

பெரியார் நிலையத்தில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். அவள் காளையிடம் போனாள்.

"தம்பி, கூப்புடுறப்ப ஏன் கடைசியை மட்டும் இழுக்குறீங்க?"

"நான் எங்க டீச்சர் இழுக்குறேன்?"

"ஒருதடவை சொல்லுங்க."

"காளவாசலரசரடீஈ..." பாதியில் நிறுத்திச் சிரித்தான். "அட, ஆமா!" ஓட்டுநர் பக்கம் திரும்பினான். "அழகுமலையண்ணே, நான் இழுக்குறேனாம்ணே!"

"ஊரே சொல்லுது, உனக்கு இன்னைக்குத்தான் தெரியுதாக்கும்" என்றார் அழகுமலை.

காளை யோசித்தான். "மொதல்லயே மூச்சைக் கொட்டிட்டா பெரியாருக்கு மூச்சு இருக்காதுல்ல டீச்சர். அப்புறம், ஓடி வர்றவன் காதுல கடைசிதான் விழும். மொத பாதி காத்துல போயிரும்."

"நடுவுல நிறுத்தி நிறுத்திச் சொன்னா என்ன?"

"நிறுத்துனா பின்னாடி வர்ற வண்டிக்காரன் ஆளை ஏத்திட்டுப் போயிருவான்."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

*

மறுநாள் விராட்டிபத்து வருவதற்கு முன் எழுந்து படிக்கட்டருகே போனாள்.

"தம்பி, இந்த ஸ்டாப்புல நான் கூப்புடவா?"

"எதை டீச்சர்?"

"ஆளை."

காளை அவளை மேலும் கீழும் பார்த்தான். இஸ்திரி போட்ட பருத்திச் சேலை. கழுத்தில் பள்ளி அடையாள அட்டை. "அண்ணே, மெதுவா விடுங்க. இன்னைக்குப் புது கண்டக்டர்."

பஸ் நின்றது. நிறுத்தத்தில் எட்டு பேர் நின்றிருந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"காளவாசல். அரசரடி. பெரியார்."

யாரும் அசையவில்லை. பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது.

"டீச்சர், நீங்க அட்டெண்டன்ஸ் எடுக்குறீங்க" என்றான் காளை. "எவனும் 'உள்ளேன் ஐயா'ன்னு ஏற மாட்டான்."

அவளும் சிரித்தாள். உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றது. ஆங்கிலம் பாதிதான் காரணம். மீதிப் பாதி டிக்டேஷன். பதினெட்டு வருடமாகச் சொல் சொல்லாக நிறுத்தி, பிள்ளைகள் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, அடுத்த சொல்லைக் கொடுத்துக் கொடுத்து, தமிழிலும் அவளுடைய குரல் துண்டாகிவிட்டிருந்தது. காய்கறிக்காரரிடம்கூட அப்படித்தான் பேசுகிறாள். கத்தரிக்காய். அரை. கிலோ.

உடைக்க வேண்டியது ஆசிரியைக் குரல். அதை வகுப்பில் உடைக்க முடியாது. பஸ்ஸில் முடியும்.

தினமும் விராட்டிபத்தில் எழுந்தாள். இரண்டாம் நாளும் அட்டெண்டன்ஸ். நான்காம் நாள் காளவாசலும் அரசரடியும் ஒட்டின. பெரியார் ஒட்டவில்லை. எட்டாம் நாள் மூச்சு போதாமல் நடுவில் இருமினாள். முத்துத்தாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "வயித்துல இருந்து கொடு டீச்சர். தொண்டையைக் கேக்காத."

மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை.

"காளவாசலரசரடி பெரியாஆஆர்!"

டீக்கடையிலிருந்து மூன்று பேர் தம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஏறிய பிறகுதான் கூப்பிட்டது யார் என்று பார்த்தார்கள். பஸ் கைதட்டியது. அழகுமலை ஹாரன் அடித்தார்.

"டீச்சர், நாளைக்குப் பையையும் புடிச்சுக்குங்க" என்றான் காளை. "நான் வீட்டுல தூங்குறேன்."

அவள் இருக்கைக்குப் போகவில்லை. காளவாசலிலும் அவளே கூப்பிட்டாள். சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்த இந்துப்ரியா ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தாள்.

*

ஆசிரியர் அறையில் இந்துப்ரியா அவளருகே வந்தாள்.

"மிஸ், காலைல காளவாசல்ல... நீங்களா?"

மற்றவர்கள் நோட்டுத் திருத்துவதை நிறுத்தினார்கள்.

"நான்தான். விராட்டிபத்துல மூணு பேர் ஏறுனாங்க."

மூன்றாம் பீரியடில் வசுந்தரா அழைத்தார். ஒரு பெற்றோர் ஏற்கெனவே போன் செய்திருந்தார். உங்க பிரெஞ்சு டீச்சர் பஸ்ஸுல கூவுறாங்களாமே?

"என்ன மிஸ் இது?"

"தேர்வுக்குப் பயிற்சி மேம்."

"பஸ்ல கத்துறதா?"

"ஆமா மேம்."

"பேரன்ட்ஸ் பாக்குறாங்க."

"பாக்கட்டும் மேம். நாலு மார்க் வாங்குனதும் அவங்களுக்குத் தெரியும். அதைவிட இதுல ஒண்ணும் அவமானம் இல்லை."

வசுந்தரா பேனாவை மூடிவைத்தார். சன்னல் வழியே பஸ் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"மார்ச் வரைக்கும்" என்றார்.

மாலைகளில் பஸ் காலியாக இருக்கும். அவள் கடைசி இருக்கைக்குப் போனாள். அதே மூச்சு. அதே கடைசி இழுப்பு. ஊர்ப் பெயர்கள் இருந்த இடத்தில் பிரெஞ்சை வைத்தாள். முதலில் ஆறு அசை. பிறகு பத்து. பிறகு அரசரடியில் தொடங்கினால் காளவாசல் வரை ஓடும் வாக்கியங்கள். நடுவில் மூன்று இடத்தில் மட்டும் நின்று, அந்த மூன்று இடத்திலும் கடைசியை நீட்டி.

கூவலை அப்படியே கொண்டுபோக முடியாது என்பதும் தெரிந்தது. காளைக்குத் தெருவை எட்ட வேண்டும். அவளுக்கு மேசைக்கு எதிர்ப்பக்கம் எட்டினால் போதும். சத்தத்தை வாரத்துக்கு ஒரு படி இறக்கினாள். நீளத்தை இறக்கவில்லை. எடை என்பது ஓங்கி அடிப்பது அல்ல, நின்று நீள்வது என்று கண்டுகொண்டாள். பதினெட்டு வருடம் சிவப்பு மையால் கோடு போட்டபோது இது தெரியாது.

கேட்டுக் கேட்டுக் காளைக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு மாலை காளவாசல் நிறுத்தத்தில் உற்சாகத்தில் கூவினான்.

"இலாரிவாஊநெஎஎர்!"

ஏறப்போன ஒருவர் காலைப் பின்னுக்கு எடுத்தார். "அது எந்த ஊருப்பா?"

"ஏறுங்கண்ணே. அடுத்த ஸ்டாப்புதான்."

தாமரைச்செல்வி கடைசி இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய பத்தாம் வகுப்பில் முதலாவதாக வரும் மாணவியைவிட அவன் சரியாகச் சொல்லியிருந்தான்.

*

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை. எழுத்துத் தேர்வுகள் காலையில் முடிந்தன. பேச்சு மூன்று மணிக்கு. வாடகைக்கு எடுத்த ஒரு கல்லூரிக் கட்டடம். அதே பெண்மணி.

மேசையில் மடித்த சீட்டுகள் இருந்தன. இரண்டை எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். முதல் சீட்டில் வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி. இரண்டாவதில், நகரங்களில் ஒலிபெருக்கியைத் தடை செய்ய வேண்டுமா என்று. அவள் இரண்டாவதை வைத்துக்கொண்டாள். தயாரிப்புக்கு அரைமணி. மற்றவர்கள் தாள் முழுக்க எழுதினார்கள். அவள் வாக்கியம் எதையும் எழுதவில்லை. எழுதினால் வாசித்துவிடுவாள். ஏழு சொல் மட்டும் குறித்துக்கொண்டாள்.

உள்ளே போய் உட்கார்ந்தாள். தொடங்கினாள்.

முதல் சொல் பொத்தென்று விழுந்தது. இரண்டாவதும். தேர்வாளரின் உடல் முன்னால் சாயத் தொடங்கியது. அந்தச் சாய்வு அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு விநாடியில் அந்த மென்மையான கேள்வி வரும்.

தாமரைச்செல்வி நிறுத்தினாள்.

"முதலிலிருந்து தொடங்கட்டுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். பயத்தில் கேட்டதால் யோசிக்கவில்லை. அது ஒரே மூச்சில் வந்தது. கடைசி அசை நின்று, நீண்டு, இறங்கியது.

தேர்வாளர் பின்னால் சாய்ந்துகொண்டார். "தாராளமாக."

அவள் வயிற்றிலிருந்து மூச்சை எடுத்தாள்.

தடை கூடாது என்றாள். என் ஊரில் காது குத்தினாலும் ஒலிபெருக்கி, கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி, செத்தாலும் ஒலிபெருக்கி. பாட்டை வைத்தே எந்த வீட்டில் என்ன என்று தெரிந்துகொள்வோம். பத்திரிகையைத் தொலைத்தவன்கூடச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பந்திக்கு வந்து சேர்ந்துவிடுவான். சத்தம் எங்களுக்கு முகவரி.

சொற்கள் ஒன்றன் தோளில் ஒன்று கையைப் போட்டுக்கொண்டு போயின. அவள் எங்கே எல்லை என்று பார்க்கவில்லை.

தேர்வாளர் குறுக்கிட்டார். "நோயாளிகள்?"

"மருத்துவமனைப் பக்கம் வைக்கக் கூடாது. அதற்கு விதி போதும். தடை எதற்கு?"

"படிக்கிற பிள்ளைகள்?"

"என் மாணவர்கள் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்து தொண்ணூற்றெட்டு வாங்குகிறார்கள், அம்மையாரே."

"மன்னியுங்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை." தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "திருப்பரங்குன்றம் சாலையில் தங்கியிருக்கிறேன். பக்கத்தில் ஏதோ விழா. மூன்று நாளாக நான் தூங்கவில்லை."

"நான்காம் நாள் தூங்குவீர்கள்."

"எப்படி இவ்வளவு உறுதியாக?"

"மூன்று நாள் தூங்காத யாரும் நான்காம் நாள் தூங்கிவிடுவார்கள். சத்தம் இருந்தாலும்."

தேர்வாளர் சத்தமாகச் சிரித்தார். பிறகு மறுபடி எதிர்த்தார். தாமரைச்செல்வி விடவில்லை. அவர் பாதியில் வெட்டினார். அவள் அவருடைய வெட்டை வெட்டினாள். தேர்வு மைய ஊழியர் ஒருவர் கதவைத் தட்டி நேரம் முடிந்து நான்கு நிமிடம் ஆகிவிட்டது என்றார். இருவரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தி அவரை நிற்கச் சொன்னார்கள்.

வெளியே வராந்தாவில் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. அவள் தூணில் சாய்ந்து நின்றாள். ஒருமுறைகூட அந்தப் பெண்மணி "பார்தோன்" என்று கேட்கவில்லை. சண்டை போட்டார். புரியாதவரோடு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

*

ஏப்ரல் முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், முடிவு வந்தது. பேசுதல் இருபத்திரண்டு.

அழகுபாண்டி கைப்பேசியை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரத்தில் வைத்து, மறுபடி கிட்டே கொண்டுவந்தான்.

"இருபத்தஞ்சுக்கா?"

"ஆமா."

"மீதி மூணு எங்கடி?"

"அந்தம்மா தூங்காத மூணு நாளுக்குக் கொடுத்துட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கடைப் பையனுக்குப் போன் போட்டான். "மலையாண்டி, எல்லாருக்கும் டீ சொல்லுடா. என் பொண்டாட்டி பாஸு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். கைப்பேசி தேவைப்படாத சத்தம்.

ஜூனில் கால அட்டவணை ஒட்டினார்கள். ஒன்பது, பத்து என்ற இரண்டு கட்டங்களிலும் அவளுடைய பெயர். இந்துப்ரியா அதைப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தாள்.

"இருபத்திரண்டாமே மிஸ். எனக்கு அந்தத் தேர்வுல பதினெட்டுதான்."

"சாயங்காலம் எந்தப் பக்கம் போவம்மா?"

"காளவாசல் பக்கந்தான்."

"ஒருநாள் ஸ்கூட்டரை விட்டுட்டு வா."

முதல் பீரியட் ஒன்பதாம் வகுப்பு. முப்பத்தெட்டு பேர். அவள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, மார்ஜின் போட்டார்கள். முன் வரிசைப் பெண் சிவப்புப் பேனாவையும் எடுத்து வைத்தாள்.

"எல்லாத்தையும் உள்ள வைங்க."

"நோட்டுமா மிஸ்?"

"நோட்டும். எந்திரிச்சு நில்லுங்க."

நின்றார்கள். சந்தேகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். ஒன்பது அசை. அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மூட்டைகள் விழுந்தன.

"மறுபடி."

விழுந்தன.

"மூச்சு எங்கிருந்து வருது? வயித்துல கை வைங்க. மறுபடி."

ஆறாவது முறை, பின் வரிசையில் எங்கோ ஒரு இடத்தில் ஒட்டியது. ஏழாவது முறை அது பரவியது. எட்டாவது முறை முப்பத்தெட்டு பேரும் கடைசி அசையை ஒன்றாக நீட்டினார்கள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "மிஸ், இங்க டெஸ்ட் நடக்குது."

"நடக்கட்டும் சார்."

அவர் போகவில்லை. வாசலிலேயே நின்றார்.

"இன்னொரு தடவை" என்றாள் அவள்.